மாமாவின் முசெத் பை

என் தங்கையின் பேரன் இந்த வருடம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தவன், கைப்பேசியை என் முன்னால் நீட்டி, "தாத்தா, இதுல எந்த டூல் பேக் வாங்கலாம்? நீங்க சொல்லுங்க" என்றான். ஒன்றில் 40 பாக்கெட் இருந்தது. இன்னொன்று சக்கரம் வைத்த பிளாஸ்டிக் பெட்டி. மூன்றாவது இடுப்பில் கட்டிக்கொள்வது, சினிமாவில் கௌபாய் துப்பாக்கி சொருகுவதைப் போல.

நான் மின்சாரம் படித்தவன் அல்ல. 1972 முதல் 2011 வரை அரசு அலுவலகங்களில் குமாஸ்தா வேலை பார்த்தவன். அதில் பதினொரு வருடம் ஸ்டோர் பிரிவில் டி அண்ட் பி ரெஜிஸ்டர் எழுதினேன். கருவிகளும் தளவாடங்களும் வரவு, இருப்பு, கழிவு என்று ஏறும் பெரிய பதிவேடு அது. அதனால் கருவிகளின் பெயர் எனக்குத் தெரியும். பையன் அதற்காக என்னிடம் வரவில்லை. எங்கள் தாய்மாமா வயர்மேனாக இருந்தவர், அவருடைய பை இன்னும் என் அறையில் ஆணியில் தொங்குகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

பையை இறக்கி மேசைமேல் வைத்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து அதிலிருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். மத்தியானம் சாப்பாடு ஆறிப்போனது. அன்று அவனிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்ட ஒன்றையும் இங்கே எழுதுகிறேன். நான் கொலேழில் பிரெஞ்சு படித்து வளர்ந்தவன், தமிழைப் பின்னால் நானே கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பை. காக்கி கித்தான் துணி, தோளில் குறுக்காக மாட்டும் ஒரே நீள வார், மேலே மூடி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இதற்கு முசெத் என்று பெயர். சொல்தாக்கள் ரொட்டியும் தண்ணீரும் கொண்டுபோகும் பை. மாமா பதினைந்து வருட சர்வீஸ் முடித்து, 1956ல் சைகோனிலிருந்து கப்பலில் திரும்பியபோது அதோடுதான் இறங்கினார். அங்கே அவர் சிக்னல் பிரிவில் இருந்தவர், டெலிபோன் கம்பி இழுத்தவர். இந்தப் பக்கம் புதுச்சேரி 1954 நவம்பர் 1லேயே இந்திய நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. சட்டப்படி முழு மாற்றம் 1962 ஆகஸ்ட் 16ல். இடைப்பட்ட அந்த எட்டு வருடத்தில் எங்கள் ஊர் பாதி அங்கே, பாதி இங்கே. மாமாவின் பையும் அப்படித்தான் இருந்தது. குறடு பிரெஞ்சு, சுத்தியல் உள்ளூர்க் கொல்லர் அடித்தது, கம்பியும் பியூஸும் மெட்ராஸ் பாரிமுனையிலிருந்து வாங்கிவந்தவை.

பேச்சும் அப்படித்தான். திருப்புளி அவருக்குத் தூர்ன்விஸ். பியூஸ் போனால் எங்கள் வீட்டில் "ப்ளோம் போச்சு" என்போம். ப்ளோம் என்றால் ஈயம். அந்தக் காலத்தில் பியூஸில் ஈயக் கம்பி போட்டதால் வந்த பெயர். கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கு அவர் சொல்வது சத்தர்தோன். அது ஏதோ பிரெஞ்சு வார்த்தை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, சாட்டர்டன் என்பது ஓர் ஆங்கிலேயரின் பெயர். கடலுக்கடியில் போட்ட தந்திக் கேபிள்களுக்காக அவர் தார், குங்கிலியம், கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் மூன்றையும் சேர்த்து ஒரு கலவை செய்தார். கலவை போய்விட்டது. பெயர் மட்டும் பிரெஞ்சு வார்த்தையாகி, கப்பலேறி முத்தியால்பேட்டை வரைக்கும் வந்தது.

பையில் கைவிட்டதும் பையனுக்கு முதலில் ஆச்சரியம், அதில் பாதி தச்சு சாமான். ஒரு சின்ன உளி, ஒரு ரம்பம், அரம், மரத்தில் திருகாணிக்குத் துளை தொடங்கும் கூரான போக்கர், நூலில் கட்டிய தூக்குக்குண்டு. "தாத்தா, இவர் கார்பெண்டரா?" என்றான்.

கேள்வி சரியானதுதான். ஒரு எலக்ட்ரீஷியன் பையில் என்ன இருக்கிறது என்பதை மின்சாரம் தீர்மானிப்பதில்லை, சுவர்தான் தீர்மானிக்கிறது. முதலில் வந்த வயரிங் முறை கேஸிங் கேப்பிங். தேக்குப் பலகையில் இரண்டு பள்ளம் இழைத்து, ஒன்றில் போகும் கம்பி, மற்றதில் வரும் கம்பி, மேலே ஒரு மூடிப் பலகை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே சில பழைய வீடுகளில் இன்னமும் அந்தப் பலகைகளை உத்தரத்தை ஒட்டிப் பார்க்கலாம். உள்ளே கம்பி இருக்காது, மேலே மேலே சுண்ணாம்பு அடித்து ஒரு அலங்காரச் சட்டம் போல ஆகிவிட்டிருக்கும். அந்தப் பலகையைச் சுவர் மூலையில் 45 பாகையில் அறுத்துச் சேர்க்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் வீட்டுக்காரர் பணம் தர மாட்டார். ஆக, அன்றைய வயர்மேன் முக்கால் தச்சன்.

அந்தக் காலத்துக் கம்பி செம்பு. அதன்மேல் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர், அதன்மேல் பருத்தி நூல் பின்னல். கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் செம்பின்மேல் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். வெள்ளீயப் பூச்சு இருந்ததால் சால்டர் சுலபமாகப் பிடிக்கும், ஜாயிண்டுகளை முறுக்கி, சால்டர் வைத்து, மேலே சத்தர்தோன் சுற்றுவார்கள். மாமாவின் பையில் இருந்த ஒரு சிறு ஈயக்கட்டியும் குங்கிலிய டப்பியும் அந்தக் காலத்து மிச்சம். நான் பார்த்து அவர் அதை உபயோகித்ததாக நினைவில்லை. ஆனால் எறியவும் இல்லை.

அவர் முழுக்கச் செய்தது அடுத்த முறை, பேட்டன் வயரிங். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் அதன் கீழே தூங்கியவர்கள்தான். வார்னிஷ் அடித்த தேக்குச் சட்டம், அதன்மேல் வயர், வயரைப் பிடிக்கும் தகர கிளிப். கிளிப்புக்கும் கிளிப்புக்கும் படுக்கைவாட்டில் 10 சென்டிமீட்டர், செங்குத்தில் 15 சென்டிமீட்டர் இடைவெளி. மாமாவுக்கு அது நாலு அங்குலம், ஆறு அங்குலம். எடைகள், அளவுகள் சட்டம் 1956லேயே வந்து மெட்ரிக் முறை நாடெங்கும் பரவிய பிறகும், அவர் கம்பியை 3/22, 7/20 என்றுதான் கேட்பார். இருபதாம் நம்பர் கேஜில் ஏழு இழை என்று அர்த்தம். கடைக்காரர் 4 ஸ்கொயர் எம்.எம். என்று சொன்னால், "அது எவ்வளவு கரண்டு தாங்கும், அதைச் சொல்லு" என்பார்.

பேட்டன் அடிப்பதற்குச் சுவரில் நூல் போட வேண்டும். நூலை நீலப் பொடியில் தோய்த்து இரண்டு முனையிலும் பிடித்து நடுவில் சுண்டினால் கோடு விழும். ஒரு முனையைப் பிடிக்கும் உத்தியோகம் பள்ளி விடுமுறையில் எனக்கு. கோடு விழுந்ததும் இரண்டடிக்கு ஒரு இடத்தில் துளை போட்டு மரக்கட்டை அடிப்பார். அந்தக் கட்டையைச் செய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே போகும் முனை ஒரு அங்குலம் சதுரம், வெளியே தெரியும் முனை அதைவிடச் சிறியது. ஆப்பு என்றால் நேர்மாறாகத்தானே இருக்கும் என்று நினைப்போம். ஆனால் குறுகிய முனையை உள்ளே விட்டால் இழுக்க இழுக்க வெளியே வந்துவிடும். அகன்ற முனையை உள்ளே வைத்துச் சுற்றிலும் சிமெண்ட் பூசினால் சுவர் அதை விடாது. எங்கள் ஊர்ச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மெத்தென்று இருக்கும், துளை சீக்கிரம் பெரிதாகிவிடும். கட்டை அடித்த மாமாவின் ஃபேன் ரெகுலேட்டர் பெட்டிகள் நாற்பது வருடம் ஆடாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு வந்தது ராவல் பிளக். ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற லண்டன்காரர் 1910களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சார வேலை எடுத்தபோது, சுவரைப் பெரிதாக உடைக்காமல் சாமான்களைப் பொருத்த வழி தேடியதில் பிறந்தது என்பார்கள். முதலில் சணல் நாரைப் பசையில் தோய்த்துச் செய்தார்கள். அதற்குத் துளை போடுவது ராவல் ஜம்பர் என்ற கையடக்கமான இரும்பு உளி. மாமாவின் பையில் மிகக் கனமான சாமான் அதுதான். ஒவ்வொரு அடிக்கும் அதைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சிக்கிக்கொள்ளும். அடி, திருப்பு, அடி, திருப்பு. ஒரு துளைக்கு நூறு அடியாவது ஆகும். பையன் இதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவனுக்கு ஹேமர் டிரில்லில் பத்து விநாடி வேலை. கைத்துப்பாக்கி மாதிரி விசை வைத்த மின் துளைக்கருவிக்குப் பிளாக் அண்ட் டெக்கர் 1917லேயே காப்புரிமை வாங்கிவிட்டது. போஷ் கம்பெனியின் ஹேமர் 1932ல் வந்தது. அது எங்கள் தெரு வயர்மேன் கைக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆனது என்பதற்கு மாமாவின் வலது முழங்கைதான் சாட்சி. கடைசிக் காலத்தில் அதை மடக்கமுடியாமல் இருந்தார்.

ஸ்டார் திருப்புளி அந்தப் பையில் கிடையவே கிடையாது. ஃபிலிப்ஸ் என்ற அமெரிக்கர் அந்தத் திருகாணிக்கு 1936ல் காப்புரிமை எடுத்தார், கார் தொழிற்சாலைகள் அதை உடனே எடுத்துக்கொண்டன. ஆனால் மாமா தொட்ட சுவிட்சு, ஹோல்டர், சீலிங் ரோஸ், கிட்கட் பியூஸ் எல்லாவற்றிலும் ஒற்றைக் கீறல் திருகாணிதான். அவரிடம் ஐந்து திருப்புளி, ஐந்தும் தட்டை முனை, ஐந்தும் வெவ்வேறு அகலம். திருகாணிக் கீறலைவிடச் சிறிய முனையை உபயோகித்தால், "பல் போயிடும்டா" என்று பிடுங்கிக்கொள்வார்.

அறுபதுகளில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. நம் நாட்டில் செம்பு குறைவு, வெளியிலிருந்து வாங்க அன்னியச் செலாவணி இல்லை. வீட்டு வயரிங்குக்கு அலுமினியக் கம்பி வந்தது. இப்போது திரும்பச் செம்புக்கே போய்விட்டார்கள் என்பதால் இளையவர்களுக்கு இது தெரியாது. அலுமினியத்தின் குணம் வேறு. திருகாணிக்கு அடியில் வைத்து இறுக்கினால், சில மாதத்தில் மெல்ல நசுங்கித் தளர்ந்துவிடும். மேல் பரப்பில் ஒரு மெல்லிய படலம் உண்டாகி மின்சாரத்தைத் தடுக்கும். தளர்ந்த இடம் சூடாகும், ஹோல்டர் கருகும். அதோடு, ஒற்றைக் கம்பியாக வரும் அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், இரண்டு முறை வளைத்தால் அங்கேயே ஒடியும்.

அதனால்தான் மாமா கட்டிங் பிளேயரால் வயரின் தோலை உரிக்க விடமாட்டார். இன்றைக்கும் பலர் செய்வது அது. பல்லுக்கு நடுவில் வைத்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு. அதில் கம்பியைச் சுற்றி ஒரு வளையம் போலக் கீறல் விழுந்துவிடும். அவர் கத்தி வைத்திருந்தார், மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி. பென்சில் சீவுவது போலச் சாய்த்து வைத்துத் தோலை மட்டும் சீவுவார். குறுக்கே ஒருபோதும் வெட்டமாட்டார். பையனுக்கு இப்போது வயர் ஸ்ட்ரிப்பர் இருக்கிறது, அளவுக்கு ஏற்ற ஓட்டை இருக்கிறது. வாங்கச் சொன்னேன். பட்டியலில் அவன் அதைப் போட்டிருக்கவில்லை. பிளேயர் இருக்கிறதே, எதற்குத் தனியாக என்றான். அப்போதுதான் கத்தியின் கதையைச் சொன்னேன்.

சாமான்களைவிட, அவை இருந்த வரிசைதான் அந்தப் பையில் விசேஷம். மாமா தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்து உள்ளே பழைய கூடாரத் துணியில் அறைகள் தைத்திருந்தார். ராவல் ஜம்பர், சுத்தியல், உளி எல்லாம் இடுப்போடு ஒட்டும் பக்கம், கனம் உடம்போடு சேர்ந்திருக்கும். குறடுகள் நடுவில், பிடி மேலே. கிளிப்புகள் அரை அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை, அளவுக்கு ஒன்றாக வட்டமான சிகரெட் டின்களில். டின்னைக் குலுக்கினால் சத்தத்தை வைத்தே எந்த அளவு என்று சொல்வார். வெளிப்பக்கச் சிறு அறையில் மூன்றே மூன்று: டெஸ்டர், கத்தி, பியூஸ் கம்பி சுற்றிய அட்டை. ஏணிமேல் நின்று, கண் உத்தரத்தில் இருக்க, கை தானாகக் கீழே போய் டெஸ்டரை எடுக்கும். ஒரு அறை எப்போதும் காலி. வேலை தொடங்கும்போது மெயினில் கழற்றும் கிட்கட் பியூஸ் அந்த அறைக்குள் போகும். வேலை முடிந்து வெளியே வரும். வீட்டுக்காரரோ, பிள்ளைகளோ, யாரோ நல்ல எண்ணத்தில் திரும்ப மாட்டிவிடாதபடி பியூஸ் அவர் தோளிலேயே தொங்கும். ஸ்டோரில் நான் எத்தனையோ பூட்டும் சாவியும் பதிவேடும் பார்த்திருக்கிறேன், அதைவிட நல்ல ஏற்பாட்டைப் பார்த்ததில்லை.

இனி டெஸ்டர். பார்வைக்குச் சின்னத் திருப்புளி, கண்ணாடி போன்ற பிடிக்குள் ஒரு குட்டி விளக்கு. அதற்குள் இருப்பது நியான் வாயு. நியான் குழாய் விளக்கை 1910ல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலில் காட்டியவர் ஜார்ஜ் குளோத் என்ற பிரெஞ்சுக்காரர். கெட்டிக்காரர்தான், ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் பக்கம் சேர்ந்து, பிறகு சிறைக்குப் போனார். பேச்சு வந்தால் மாமா முகம் சுளிப்பார், தெ கோல் பக்கம் இருந்த பட்டாளத்துக்காரர் அல்லவா. குட்டி நியான் விளக்கைச் செய்தவர் வேறொருவர், மூர் என்ற அமெரிக்கர், 1917ல். டெஸ்டரின் முனையைக் கரண்டு உள்ள கம்பியில் வைத்து, மேல் மூடியை விரலால் தொட்டால், ஒரு பெரிய ரெசிஸ்டன்ஸ் வழியாக மிக மிகச் சிறிய கரண்டு நம் உடம்பு வழியே தரைக்குப் போகும். நமக்குத் தெரியாது, விளக்குக்குத் தெரியும். உள்ளே நான்கு பொருள்தான்: ரெசிஸ்டன்ஸ் துண்டு, விளக்கு, ஸ்பிரிங், மூடி. ஸ்பிரிங் மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்து அழுத்திப் பிடிக்கும்.

பையனிடம் இதுவரைதான் சொன்னேன்.

1963, கோடை விடுமுறை. எனக்குப் பன்னிரண்டு வயது. மாமா மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தார். பை திண்ணையில் இருந்தது. தொடக்கூடாது என்பது தெரியும். டெஸ்டரை எடுத்து, முற்றத்தில் உட்கார்ந்து மூடியைத் திருகினேன். விளக்கைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். ஸ்பிரிங் துள்ளியது. சிமெண்ட் தரையில் ஒரு முறை பட்டு, முற்றத்துச் சாக்கடைக்குள் போய்விட்டது. தேடினேன், கிடைக்கவில்லை. மாமா எழுந்துவிடுவார் என்ற பயத்தில் ரெசிஸ்டன்ஸையும் விளக்கையும் உள்ளே போட்டு, மூடியைத் திருகி, அதே அறையில், அதே சாய்வில், கத்திக்கு இடப்பக்கம் வைத்தேன். அவருடைய வரிசை எனக்கு மனப்பாடம். யாரும் தொட்டதாகவே தெரியாது.

மறுநாள் அவர் ஒரு வீட்டில் சீலிங் ரோஸ் மாற்றப் போனார். மெயின் பியூஸைக் கழற்றிக் காலி அறையில் போட்டுக்கொண்டார். வழக்கம்போல ஏணியில் ஏறி, டெஸ்டர் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. கம்பியைக் கையால் பிடித்தார். அந்த வீடு பாகப்பிரிவினையில் இரண்டாகப் பிரிந்தது. அந்த ஓர் அறைக்கு மட்டும் பக்கத்துப் பாகத்து மெயினிலிருந்து எப்போதோ கம்பி இழுத்திருக்கிறார்கள். இப்படி ஏதாவது இருக்கும் என்பதற்காகத்தான் பியூஸைக் கழற்றிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது. ஏணியிலிருந்து விழுந்தார். விழுந்ததால் பிழைத்தார், பிடித்த கை விட்டது. இடது தோள் எலும்பு முறிந்தது, இரண்டு விரலில் ஆழமான தீப்புண்.

மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அம்மா அழுதுகொண்டே எல்லா சாமிக்கும் வேண்டிக்கொண்டாள். நான் கொல்லைப்புறம் போய்ப் பம்பரம் விட்டேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் சகிக்க முடியவில்லை. சாயங்காலம் மாமா வலது கையால் பையைத் திறந்து, டெஸ்டரை எடுத்து, பல்லால் கடித்து மூடியைத் திருகினார். உள்ளே பார்த்தார். "ஸ்பிரிங் எங்கியோ வுழுந்திருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. பிரெஞ்சுப் பென்ஷன் இருந்ததால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

திரும்ப வேலைக்குப் போனபோது பையில் இரண்டு மாற்றம். ஒன்று, ஹோல்டர்கள் வைத்த டெஸ்ட் லேம்ப், இரண்டு பல்பு வரிசையாகச் சேர்த்தது. இரண்டு ஏனென்றால், தெரியாமல் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் வைத்துவிட்டால் 400 வோல்ட்டுக்கு மேல் வரும், ஒரு பல்பு வெடித்துவிடும். பிரெஞ்சில் அதற்கு லாம்ப் தெமுவான் என்று பெயர், சாட்சி விளக்கு. இரண்டாவது மாற்றம் பழக்கத்தில். எந்த வீட்டுக்குப் போனாலும் பியூஸைக் கழற்றுவதற்கு முன்னால், கரண்டு இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு வேலை செய்யும் கம்பியில் பார்ப்பார். பிறகு திரும்பவும் கரண்டு உள்ள இடத்தில் ஒரு முறை. மூன்று தடவை. எரியாத டெஸ்டருக்கு இரண்டு அர்த்தம் உண்டு, கம்பி செத்திருக்கலாம், டெஸ்டரும் செத்திருக்கலாம். இன்று மேல்நாடுகளில் பாதுகாப்புப் பாடமாகவே இதை நடத்துகிறார்கள்.

பையனுக்கு என்னென்ன வாங்கச் சொன்னேன் என்பதையும் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவலாம். ரம்பம், போக்கர், தூக்குக்குண்டு வேண்டாம். எண்பதுகளுக்குப் பிறகு கம்பி சுவருக்குள் பி.வி.சி. பைப்பில் போய்விட்டது, அதற்கு ஸ்பிரிங் வயர் வேண்டும், கம்பியைப் பைப்புக்குள் கோத்து இழுக்க. பிளேயரும் திருப்புளியும் வாங்கும்போது பிடியின் நிறத்தைப் பார்க்காதே. இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார். குறி இல்லாத பிளாஸ்டிக் உறை கைக்கு மெத்தைதான், காப்பு அல்ல. மல்டிமீட்டர் அவசியம், நியான் டெஸ்டரை மட்டும் நம்பாதே. ரப்பர் செருப்போடு மர ஏணியில் நின்றால் அது மங்கும், வெயிலில் எரிந்தாலும் தெரியாது. பை என்று வந்தால், அடி தட்டையாக, வாய் அகலமாகத் திறந்து, தோளில் மாட்டுவதாக இருக்கட்டும். நாற்பது பாக்கெட் வேண்டாம். இடுப்பு வார் உனக்கு அழகுதான், மாடிப்படி ஏறும்போது தெரியும். ஒரு பாக்கெட் காலியாக வை. "இப்ப எல்லாம் எம்.சி.பி. தாத்தா, கழற்றிப் பாக்கெட்ல போட முடியாதே" என்றான். அது உண்மை. எம்.சி.பி.யைக் கீழே தள்ளியபின் மாட்டிவைக்கச் சிறிய பூட்டு விற்கிறார்கள் என்று அவனே கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்தான். அந்தப் பூட்டின் சாவி காலிப் பாக்கெட்டுக்குப் போகட்டும் என்று முடிவு செய்தோம்.

அந்த டெஸ்டர் விஷயத்தை மாமாவிடம் நான் சொன்னது 1987ல். இருபத்துநான்கு வருடம் கழித்து. அப்போது அவர் வேலையை விட்டுவிட்டார், முழங்கை மடங்காது, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் சாயங்காலம் அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "மாமா, அந்த டெஸ்டர் ஸ்பிரிங்கை நான்தான் தொலைச்சேன்" என்றேன். எந்த டெஸ்டர் என்று அவர் கேட்கவில்லை.

"கிளிப் டின்னை எடு, முக்கால் இஞ்சு" என்றார். எடுத்துவந்தேன். கிளிப்புகளுக்கு அடியில், தாளில் மடித்து, அந்த ஸ்பிரிங் இருந்தது. சாக்கடைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது, அந்த ஜூலை மாதமே, ஒற்றைக் கையால் முற்றத்துச் சாக்கடையைக் கழுவி எடுத்திருக்கிறார்.

"ஏன் மாமா கேக்கவே இல்ல?"

"கேட்டா நீ இல்லன்னு சொல்லியிருப்ப. அப்புறம் அதையும் நீ சுமக்கணும்" என்றார். காப்பியில் சர்க்கரை குறைவு என்றார்.

பையன் அன்று சாமான்களையெல்லாம் பார்த்து முடித்துத் திரும்பப் பைக்குள் வைக்கும்போது, அந்த முக்கால் அங்குல டின்னைக் குலுக்கி, "இதை மட்டும் நான் எடுத்துக்கவா தாத்தா? ஸ்குரூ போட்டுவைக்கலாம்" என்றான். அரை அங்குல டின்னை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.